குருவியை அழுத்தியவரை ஏசக் கூடாது

தொழிற்சாலைப் பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று துறையில் கேட்டபோது முதலில் மறுத்துவிட்டேன். ஓய்வு பெற்றவர்கள் எழுதுவதைப் படித்து யாரும் மருத்துவம் கற்றுக்கொள்வதில்லை. தையல் போடுவதும் மாத்திரை எழுதுவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். பிறகு தலைப்பைச் சொன்னார்கள்: நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு மருத்துவமனையைச் சீர்செய்வது எப்படி? அதைக் கேட்டதும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஏனென்றால் எங்கள் இடத்தில் அதை நான் செய்யவில்லை. நோயாளிகள் செய்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

நான் கோபக்காரி. என்னிடம் வேலை பார்த்தவர்கள் யாரைக் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வார்கள், அதற்குப் பிறகுதான் கைராசி அது இது என்பார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தால் கத்துவேன். குழந்தைக்குத் தடுப்பூசி தேதி தவறினால் கத்துவேன். முறை வருவதற்கு முன்னால் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால் கட்டாயம் கத்துவேன். எங்கள் சிஸ்டர் எனக்கு மேல். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய மருத்துவமனை எப்படி அமைதியாக இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் நடுவில் இருந்தது எங்கள் நிலையம். காத்திருக்கும் கூடத்தில் இரண்டு விதமான மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பக்கம் உள்ளூர்க்காரர்கள். நிலமெல்லாம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டது. இப்போது அதே இடத்தில் நிற்கும் கம்பெனிகளில் செக்யூரிட்டியாகவும் கேன்டீனிலும் உற்பத்தி லைனிலும் வேலை. மறுபக்கம் தெற்கிலிருந்து வந்த இளசுகள். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்கள். ஹாஸ்டலில் தங்கி ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஒரே பெஞ்சில்தான் உட்காருவார்கள். ஒருவரை ஒருவர் முகம் பார்த்துப் பேசமாட்டார்கள்.

நோயாளர் நலச் சங்கக் கூட்டம் என்று ஒன்று அப்போதும் நடக்கும். டீ வரும், பிஸ்கட் வரும். என்ன வசதி வேண்டும் என்று கேட்போம். ஃபேன் என்பார்கள், குடிதண்ணீர் என்பார்கள், கக்கூஸுக்குத் தாழ்ப்பாள் என்பார்கள். எல்லாம் நியாயமான கோரிக்கைதான். நானும் எழுதி அனுப்புவேன். தாழ்ப்பாள் கூட வந்தது. ஆனால் கூட்டத்தை யாராவது ரத்து செய்தால் ஒருவருமே வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள், நான் உட்பட.

ஏகாம்பரம் விழுந்த நாளோடு அதெல்லாம் மாறியது.

ஏகாம்பரம் உள்ளூர்க்காரர். கம்பெனி ஒன்றின் வாசலில் செக்யூரிட்டி. அன்று காலை கூட்டம் கூடத்தைத் தாண்டி வெளியே வரை நின்றது. அவர் தன் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து முன்னால் வந்தார், என் அறைக்குள் வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்தார், அப்படியே சரிந்தார். மாரடைப்பு. நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம், 108 வந்தது, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், ஆள் பிழைத்துக்கொண்டார். இதையெல்லாம் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை.

என்னை உறுத்தியது வேறு. வண்டி போன பிறகு கூடத்துக்கு வந்து, "எவ்வளவு நேரமா இப்படி இருந்தார்?" என்று கேட்டேன். உடனே பத்துப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. வந்து உட்கார்ந்தபோதே வேர்த்தது என்றார் ஒருவர். இடது கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார் என்றார் இன்னொருவர். தண்ணீர் வேண்டுமா என்று ஒரு அம்மா கேட்டதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாராம். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். மருத்துவமனை நிறைய மனிதர்கள், அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள், கதவுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

"ஏன் யாருமே சொல்லல?" என்று கத்தினேன்.  கடைசியில் ஒரு பெண் எழுந்து மெல்லிய குரலில் பேசினாள். ஹாஸ்டல் பெண், சங்கரன்கோவில் பக்கம், பெயர் இசக்கியம்மாள். கழுத்தில் கம்பெனி டேக் தொங்கியது.

"நான் பாத்துக்கிட்டுத்தான் மேடம் இருந்தேன். அவியளுக்கு வேர்த்து ஊத்திச்சு. உள்ள வந்து சொல்லலாம்னு ரெண்டு தடவ எந்திரிச்சேன். நீங்க ஏசுவியன்னு உக்காந்துட்டேன்."

அவள் அதைக் குற்றம்சாட்டுகிற மாதிரி சொல்லவில்லை. மழை வரும் என்று குடை எடுத்தேன் என்பதைப்போல இயல்பாகச் சொன்னாள். அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த கூட்டத்தை நான் கூட்டவில்லை, ஏகாம்பரம் கூட்டினார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, கொஞ்சம் தேறியதும், தெருத் தெருவாகச் சொல்லி ஆளைச் சேர்த்துவிட்டார். ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் தோதாக ஒரு ஞாயிறு மாலை. கூடம் நிரம்பிவிட்டது. டீ ஏற்பாடு செய்யக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

நான் முதலில் ஏகாம்பரத்தைத்தான் பிடித்தேன். "உனக்குத் தெரியாதா, உடம்பு என்ன பண்ணுதுன்னு? ஒரு வார்த்தை சிஸ்டர்கிட்ட சொல்லக்கூடாதா?"

"இன்னா டாக்டரம்மா இப்டி கேக்குறீங்க?" என்றார் அவர். "எனுக்கு முன்னாடி கைக்கொழந்தைய வெச்சிகினு ஒரு பொண்ணு குந்திகினு கீது. அதத் தாண்டிகினு நான் வந்தா, ஊர்க்காரன் திமுருல முந்திகினு போறான்னு சொல்லமாட்டாங்களா? வவுத்துல வெறும் கேஸுதான், போய்டும்னு கம்முனு இருந்துட்டேன்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். உயிர் போகிற வலியிலும் ஒரு மனிதன் வரிசையை மதித்து உட்கார்ந்திருக்கிறான். சத்தம் போட்டு முந்துகிறவனுக்குப் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. பேசாமல் உட்கார்ந்திருப்பவனைப் பற்றித்தான் நாம் பயப்பட வேண்டும். அவனாகச் சொல்லமாட்டான். அப்படியானால் யார் சொல்வது?

அந்தக் கேள்வியைத்தான் அன்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மணிகண்டன் என்று ஒரு பையன், கார் உதிரிப்பாகக் கம்பெனியில் லைன் லீடர், மதுரைக்காரன். அவன்தான் ஆரம்பித்தான். "எங்க லைன்ல ஒரு கயிறு இருக்கும் மேடம். பார்ட்டுல ஏதாச்சும் கோளாறு கண்ணுல பட்டா யாரு வேணாலும் இழுக்கலாம். நேத்து சேந்த பையன்கூட இழுக்கலாம். இழுத்தா மொத்த லைனும் நின்னுரும். அப்புறம் போய்ப் பாப்பாங்க."

"அத மாரி இங்கியும் ஒண்ணு வெச்சிடலாம்" என்றார் ஏகாம்பரம் உடனே.

நானும் தலையாட்டினேன். நல்ல யோசனை, சுலபமான யோசனை. கூட்டம் முடிந்தது என்று எழுந்திருக்கப் போனேன். அப்போது இசக்கியம்மாள் பின்னாலிருந்து கேட்டாள்: "எண்ணே, உங்க லைன்ல நெசமாவே எல்லாரும் இழுக்காங்களா?"

மணிகண்டன் சிரித்துவிட்டான். "போர்டுல அப்படித்தான் போட்டுருக்கு. இழுத்துப் பாரு, சூப்பர்வைசர் வந்து மூஞ்சியவே பாப்பாரு. அன்னிக்கு டார்கெட் போச்சுன்னா இழுத்தவன் தலைதான்."

"அப்பம் கயிறு கெடந்து என்ன செய்யதுக்கு? டாக்டரம்மா ஏச மாட்டாவன்னா மட்டும் வையுங்க."

"இன்னாமா சொல்ற நீ? ஏசுவா?" என்று ஏகாம்பரம் குழம்பினார். "டாக்டரம்மா நம்ம பெருமாள் கோயிலுக்கு வர்றவங்கமா."

கூடமே சிரித்தது. தெற்கத்திப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஏசுவது என்றால் திட்டுவது என்று அவருக்கு ஒருவர் விளக்க, அவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். அந்த இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்ததை நான் முதல்முறை பார்த்தேன். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, ஏசல" என்றேன்.

"எழுதிப் போட்ருங்க டாக்டரம்மா" என்றார் ஏகாம்பரம். விடுகிற ஆளா அவர்.

அடுத்த வாரம் மணிகண்டன் ஸ்ரீபெரும்புதூர் கடைவீதியில் ஒரு காலிங் பெல் வாங்கி வந்து மாட்டினான். சிவப்பு விளக்கு, சைரன் என்று பெரிதாக எதையோ எதிர்பார்த்திருந்தேன். அழுத்தினால் குருவி கத்தியது. வீடுகளில் வைப்பார்களே, கீச்கீச் என்று, அதே மணி. கடையில் அன்று அதுதான் இருந்ததாம். மருத்துவமனையின் மானம் போயிற்று என்று சிஸ்டர் தலையில் கை வைத்தார். ஆனால் அதற்குப் பெயர் அமைந்துவிட்டது. அன்றிலிருந்து அது குருவி. அதன் மேலே ஒரு அட்டையில், இசக்கியின் வார்த்தையிலேயே எழுதி ஒட்டினார்கள்: குருவியை அழுத்தியவரை ஏசக் கூடாது. இந்த ஊரில் யாரும் ஏசுவதில்லை, திட்டத்தான் செய்வார்கள், மாற்றி எழுதுங்கள் என்று நான் சொல்லிப் பார்த்தேன். ஏகாம்பரம் கேட்கவில்லை. "அப்டி மாத்துனா, திட்டல, ஏசத்தான் செஞ்சேன்னு சொல்லுவீங்க டாக்டரம்மா. ரெண்டும் கூடாது" என்றார்.

முதல் வாரம் நரகம்தான். ஷிப்ட் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவன் அழுத்தினான். குழந்தை அழுகிறது என்று ஒரு தாய் அழுத்தினாள், குழந்தை அழாமல் என்ன செய்யும்? காய்ச்சல் சர்டிபிகேட் வேண்டும் என்று ஒரு ஆள் கூச்சமில்லாமல் அழுத்தினான். ஒவ்வொரு முறையும் நானோ சிஸ்டரோ எழுந்து ஓடினோம். ஏசக் கூடாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினோம். சிஸ்டர் ஸ்க்ரூடிரைவரோடு வந்துவிட்டார். "கழட்டிடறேன் மேடம். இது நமக்குச் சரிப்படாது."

என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் செய்யப் போனேன். கழற்றுவதற்கு முன்னால் மாட்டியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்வதுதான் மரியாதை என்று நினைத்து ஏகாம்பரத்தைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவர் வந்து கூடத்தின் நடுவில் நின்றார். வாரம் முழுக்கக் குருவி கத்தியது ஊருக்கே தெரிந்திருந்தது.

"யாரு யாருக்காக அடிச்சீங்க?" என்று கேட்டார். எனக்காக, என் பிள்ளைக்காக என்றார்கள். "அதான் தப்பு. உனுக்கோசரம் நீயே அடிச்சிகினா எல்லாருக்கும் அவசரம்தான். பக்கத்துல கீறவங்களுக்கு அடி. உன் ஜனத்துக்கும் அடிக்காத, வேத்து ஆளுக்கு அடி. அவங்களுக்கு நெசமா முடியலைன்னா மட்டும்தான் உன் கை எந்திரிக்கும்."

அட்டையில் இரண்டாவது வரி சேர்ந்தது. தனக்காக அழுத்தக் கூடாது.

இந்த ஒரு வரி செய்த வேலையை நான் என்னவென்று சொல்வது! குருவி ஏறக்குறைய ஊமையாகிவிட்டது. ஆனால் கூடம் பேச ஆரம்பித்தது. தனக்குத் தானே அழுத்திக்கொள்ள முடியாது, பக்கத்தில் இருப்பவர்தான் அழுத்த வேண்டும் என்றால், பக்கத்தில் இருப்பவருக்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? "உங்களுக்கு என்ன உடம்புக்கு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கிறுகிறுன்னு வருகிறது என்று தூத்துக்குடிப் பெண் சொன்னால் மயக்கம் வருகிறதாம் என்று வடகால் அம்மா பக்கத்து ஆளுக்கு விளக்கினார். நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கி வழிகிற பையன்களை முறை வரும்போது தட்டி எழுப்ப ஆள் கிடைத்தது. கர்ப்பிணிகளை ஃபேனுக்கு அடியில் மாற்றி உட்கார வைத்தார்கள். நாங்கள் யாரும் சொல்லவில்லை. நான் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அதைப் பார்ப்பேன், எனக்குப் பெருமையாக இருக்கும். என்னுடைய பெருமை இல்லை என்று தெரிந்தும் பெருமையாக இருக்கும்.

இனி உண்மையான சோதனைக்கு வருகிறேன். காய்ச்சல் காலம். ஊரில் வீட்டுக்கு ஒருவர் படுத்திருந்தார்கள். பிரஸ் மெஷினில் விரல் நசுங்கி வந்த ஒரு பையனுக்கு நான் தையல் போட்டுக்கொண்டிருந்தேன். சிஸ்டர் தடுப்பூசி போட வெளியே போயிருந்தார். குருவி கத்தியது. பாதித் தையலில் நிறுத்துவதா? நிறுத்தினேன். பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொள் என்று அவனிடம் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். மணி பக்கத்தில் இசக்கி நின்றாள். ஒரு நடுவயது ஆளைக் காட்டினாள். தலை தொங்கி, வாய் திறந்து கிடந்தது. நாடியைப் பிடித்தேன். நன்றாக ஓடியது. தோளை உலுக்கினேன். அவர் கண்ணைத் திறந்து, "யாருய்யா எழுப்புறது? மனுசன் நைட்டெல்லாம் தூங்கல" என்று எரிந்து விழுந்தார்.

தூங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

கூடத்தில் சிரிப்பு, முணுமுணுப்பு. உள்ளே ஒருவன் ரத்தம் வடிய உட்கார்ந்திருக்கிறான். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. வாயில் வைத்திருந்த வார்த்தைகளை இங்கே எழுதமுடியாது. இசக்கி கண் கலங்கி, "கூப்பிட்டேன் மேடம், எந்திரிக்கவே இல்ல…" என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது தூங்கியவரை இல்லை, என் வாயை. இந்த அம்மா இப்போது என்ன சொல்லப்போகிறாள் என்று.

"நல்லாப் பாத்தே. இனிமேயும் சந்தேகம் வந்தா அடி" என்றேன். குரல் எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. சிடுசிடுப்பாகத்தான் வந்திருக்கும். ஆனால் வார்த்தை சரியாக வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த நிர்வாகம் இவ்வளவுதான், பிள்ளைகளே. உங்களிடம் ஒருவர் வந்து தவறாக எச்சரிக்கும்போது நீங்கள் எப்படி நடந்துகொள்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொண்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று நீங்கள் கடுகடுத்தால், சரியான எச்சரிக்கை இனி உங்கள் கதவுக்கு வராது. மணி வாங்கிவிடலாம். அதை அடிக்கும் தைரியம் உங்கள் வாயில்தான் இருக்கிறது.

அதே காய்ச்சல் காலத்தில், சில வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை. எங்கள் நிலையத்தின் இன்னொரு டாக்டர் ஹாஸ்டலில் நடந்த காய்ச்சல் முகாமுக்குப் போயிருந்தார். கூட்டம் வாசலுக்கு வெளியே சாலை வரை நின்றது. காலையிலிருந்தே எனக்குத் தாடையில் ஒரு வலி. பல்லாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். சாப்பிடாததால் வயிறு உப்புசம். ஏதோ ஒரு அசதி. அதற்கெல்லாம் நேரம் எங்கே? ஒருவர் பின் ஒருவராகப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இசக்கி தன் அறைத்தோழியைக் காய்ச்சலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோழியைப் பரிசோதித்து மருந்து எழுதினேன். இசக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் வெளியே போனார்கள். அடுத்தவரைக் கூப்பிட்டேன். குருவி கத்தியது.

நான் எழுந்திருக்கப் போனேன், சிஸ்டர் முந்திக்கொண்டார். வெளியே அவர் "யாருக்கு?" என்று கேட்பது என் காதில் விழுந்தது.

"உள்ள இருக்காவள்லா, டாக்டரம்மாவுக்கு."

வந்தது பாருங்கள் எனக்குக் கோபம். வாசலுக்குப் போய், "எனக்கு என்ன வந்தது? காலைல சாப்பிடல, கேஸ். இத்தனை பேர் நிக்கிறாங்க, விளையாட்டா?" என்றேன்.

இசக்கி பயந்துதான் போனாள். ஆனால் நகரவில்லை. "மேல ஃபேன் சுத்துது மேடம். எங்க ரெண்டு பேருக்கும் குளிருது. உங்களுக்கு மட்டும் கழுத்தெல்லாம் நனைஞ்சு கெடக்கு. எழுதும்போது தாடையத் தாடையப் பிடிக்கிய. எனக்கு என்னமோ சரியாப் படல."

மாதாந்திர மாத்திரைக்கு வந்து வரிசையில் நின்றிருந்த ஏகாம்பரம் முன்னால் வந்தார். "நானும் அன்னிக்கு கேஸுன்னுதான் சொன்னேன் டாக்டரம்மா" என்றார். "பெல் அடிச்சாச்சு. யாரா இருந்தாலும் போய்ப் பாக்கணும். அதான் ரூலு. சிஸ்டர், பாருங்க."

 அடுத்த முறைக்காகக் கைக்குழந்தையோடு முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா சொன்னார்: "நாங்க வெயிட் பண்றோம், நீங்க படுங்கம்மா."

நோயாளிகளைப் படுக்க வைக்கும் கட்டிலில் போய்ப் படுத்தேன். சிஸ்டர் ஈசிஜி எடுத்தார். தாளைக் கிழித்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். வேறு யாருடையதாக இருந்தாலும் பார்த்த மாத்திரத்தில் 108-ஐக் கூப்பிடு என்று கத்தியிருப்பேன். அன்று என் வாயிலிருந்து வந்தது, "இன்னும் வெளியே எத்தனை பேர்?" என்பதுதான். சிஸ்டர் போனை எடுத்தார்.

வெளியே நடந்ததைப் பிற்பாடுதான் கேள்விப்பட்டேன். ஏகாம்பரம் வரிசையின் கடைசி வரை நடந்து, வெறும் மாத்திரைக்கு வந்தவர்களை மறுநாள் வரச்சொல்லி அனுப்பியிருக்கிறார். அவரும் மாத்திரைக்கு வந்தவர்தானே, முதல் ஆளாகத் தானே வாசல் வரைக்கும் போய்க் காட்டிவிட்டு உதவிக்குத் திரும்பி வந்தாராம். வரிசையில் நின்றிருந்த மணிகண்டன் முகாமிலிருந்த டாக்டரைக் கூட்டிவர வண்டியோடு போய்விட்டான். அதிகக் காய்ச்சலோடு இருந்தவர்களை முன்பெஞ்சுக்குக் கொண்டுவந்து, அந்த டாக்டர் வருகிறவரை பெண்கள் ஈரத்துணி போட்டிருக்கிறார்கள். ஒருவர்கூடக் குரல் உயர்த்தவில்லையாம். நான் இருந்திருந்தால் அத்தனை அமைதியாக நடந்திருக்காது.

ஸ்ட்ரெச்சரில் கூடத்தைக் கடந்து போகும்போது எல்லோரும் எழுந்து நின்றார்கள். இசக்கி சுவரோரம் அழுதுகொண்டு நின்றாள்.  அவள் கையைப் பிடித்தேன், ஆம்புலன்ஸ்காரர்கள் அவசரப்படுத்தினார்கள், விட்டுவிட்டேன்.

இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் என்று செங்கல்பட்டில் சொல்ல ஆரம்பித்தார்கள். மேலே கேட்க நான் விரும்பவில்லை. நம் தொழிலில் அந்த வாக்கியத்தின் மீதி எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு மணி நேரத்தை நான் சந்தோஷமாக உட்கார்ந்து மாத்திரை எழுதித் தீர்த்திருப்பேன். என்னைக் காப்பாற்றியது என் படிப்பில்லை. ஏசப்படமாட்டோம் என்று நம்பிய ஒரு பெண்.

தேறி வந்து மறுபடி வேலை பார்த்தேன், பிறகு ஓய்வும் பெற்றேன். இசக்கிக்கு ஊரில் கல்யாணம் ஆகி இப்போது அங்கேயே இருக்கிறாள், அவ்வப்போது போன் செய்வாள். மாத்திரை சாப்பிட்டியளா என்று கேட்பாள். சாப்பிட்டேன் என்று பயந்துகொண்டு பதில் சொல்வேன்.

போன மாதம் என் மாத்திரைக்காக அதே நிலையத்துக்குப் போனேன். கூடத்தில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. இந்தப் பகுதியில் ஆட்கள் அப்படித்தான் மாறிக்கொண்டே இருப்பார்கள். உங்களைப்போல் புதிதாக வந்த டாக்டர் ஒருவர் உள்ளே இருந்தார். என்னைத் தெரியும் என்று சொல்லி உள்ளே போகலாம்தான், நான் வரிசையில் உட்கார்ந்தேன். சித்திரை வெயிலில் நடந்து வந்ததில் வேர்த்துக் கொட்டியது, முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. கம்பெனி சீருடை, பேச்சில் கம்பம் தேனிப் பக்கத்து வாசம். நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னம்மா, ரொம்ப வேர்க்குது? நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா, வெயில்ல நடந்து வந்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

அவள் அதை நம்பவில்லை. தன் தண்ணீர் பாட்டிலை என் கையில் கொடுத்துவிட்டு, எழுந்து மணிக்குப் பக்கத்திலிருந்த இடத்துக்கு மாறி உட்கார்ந்தாள். என் முறை வரும்வரை என்னைவிட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.